சபைக்கு நேரமும் திறமையும் பணமும் கொடுக்கத் தொடங்குவோருக்கு: முதல் ஆண்டின் படிகள்

தூத்துக்குடி மாவட்டத்தில், தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த ஒரு கிராமச் சபையில் ஆறு ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். சபைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற மெய்யான வாஞ்சையோடு முன்வந்த பலர் நான்காம் மாதத்திலேயே ஓய்ந்துபோனதை அந்த ஆண்டுகளில் பார்த்திருக்கிறேன். மனக்குறைவால் அவர்கள் விலகவில்லை. பெரிய அன்பளிப்பில் தொடங்கி, மூன்று பொறுப்புகளை ஒரே வாரத்தில் ஏற்று, சபையின் வரவு செலவை ஒருமுறையேனும் பார்க்காமலே அவர்கள் உழைத்தார்கள்; ஆகவே விரைவில் களைத்தார்கள். கீழே உள்ள படிகளை நான் எந்த வரிசையில் தருகிறேனோ அதே வரிசையில் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். பதவிப் பெயர்களும் நிதிகளின் பெயர்களும் திருமண்டலத்துக்குத் திருமண்டலம் (ஒரு பேராயரின் கீழ் உள்ள சபைகளின் தொகுதி) சற்று மாறும். செய்முறை பெரிதும் மாறாது.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் உங்கள் குடும்பத்தின் பெயர் சபைப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். வேறு ஊரிலிருந்து வந்தவரானால், பழைய சபையின் குருவானவரிடமிருந்து மாற்றுக் கடிதம் வாங்கிக் கொடுங்கள். எங்கள் பகுதியில் சங்கம் என்றும் பிற இடங்களில் சந்தா என்றும் சொல்லப்படுகிற உறுப்பினர் காணிக்கையை எந்தப் பெயரில், எவ்வளவு செலுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாக்குரிமை முதல் திருமணப் பதிவு வரை பல காரியங்கள் இந்தப் பதிவோடு பிணைந்திருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் காணிக்கைப் பையில் பணம் போட்டும், பதிவேட்டில் பெயர் இல்லாததால் சபைக் கூட்டத்தில் வாய் திறக்க முடியாமல் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டாவதாக, சென்ற ஆண்டின் வரவு செலவு அறிக்கையைக் கேட்டு வாங்கி, நிதானமாக உட்கார்ந்து வாசியுங்கள். சபை ஊழியரின் ஊதியம், ஆலயத்தைத் திறந்து பெருக்கி மணியடிக்கும் கோயில்பிள்ளையின் ஊதியம், மின்கட்டணம், திருவிருந்துக்கான அப்பமும் ரசமும், ஓடு மாற்றுதல், வெள்ளையடித்தல், சேகரத்துக்கும் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதி) திருமண்டலத்துக்கும் அனுப்ப வேண்டிய பங்கு என்று பணம் போகும் வழிகள் அதில் தெரியும். பல திருமண்டலங்களில் குருவானவரின் சம்பளம் மத்திய நிதியிலிருந்து வருகிறது. சேகரங்கள் தங்கள் பங்கை அனுப்பினால்தான் அந்த நிதி நிறையும். சபையின் செலவில் பெரும்பகுதி மாதந்தோறும் வருவது என்பதை இந்த அறிக்கை காட்டிவிடும். அது புரிந்தபின், ஆண்டுக்கு ஒருமுறை பெருந்தொகை கொடுப்பதைவிட மாதந்தோறும் சிறு தொகை கொடுப்பதே சபைக்கு ஏற்றது என்று யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியிருக்காது.

மூன்றாவது, வீட்டாரின் சம்மதம். கணவனும் மனைவியும் தனித்தனியே வாக்குக் கொடுத்துவிட்டு, மாதக் கடைசியில் வீட்டில் வருத்தப்படுவது அடிக்கடி நடக்கிறது. இருவரும் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொண்டால் அந்த வருத்தம் வராது.

2. தொகையை வருமானம் வந்த அன்றே பிரித்து வையுங்கள்

1 கொரிந்தியர் 16:2-இல் பவுல் கொரிந்து சபைக்குச் சொன்ன முறை இதுதான்: வாரத்தின் முதல்நாளில் அவரவர் தம் வரவுக்குத் தக்கதைத் தன்னிடத்தில் சேர்த்து வைக்க வேண்டும், பவுல் வரும்போது சேகரிக்கத் தொடங்கக் கூடாது. எடுத்து வைப்பது முந்தவேண்டும், கொடுப்பது அதன்பின் வரவேண்டும் என்ற இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. செலவுக்குப் பிறகு மிஞ்சுவதைக் கொடுக்கலாம் என்று இருந்தால், மிஞ்சுவது எப்போதும் சில்லறைதான்.

மாதச் சம்பளக்காரர் தசமபாகம் என்று தீர்மானித்திருந்தால், 25,000 ரூபாய் சம்பளத்தில் 2,500 ரூபாயைச் சம்பளம் வந்த அன்றே தனியே வைக்கலாம். அதிலும் சங்கத்துக்கு எவ்வளவு, ஞாயிறு காணிக்கைக்கு எவ்வளவு, ஏழைகள் உதவிக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே பிரித்துக்கொண்டால், பண்டிகைக் காலத்தில் ஒரே நிதிக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு மறுமாதம் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. கடன் வாங்கிக் காணிக்கை கொடுக்காதீர்கள்; கந்துவட்டிக்கு வாங்கிக் கொடுத்த பணத்தைச் சபை அறிந்தே பெறுவதும் தவறு என்பதே என் எண்ணம். பத்தில் ஒன்று இயலாதவர் ஐம்பதில் ஒன்றிலிருந்து தொடங்கி, ஆண்டுதோறும் கூட்டிக்கொள்ளட்டும்.

நாள்கூலிக்கும் பருவ வேலைக்கும் போகிறவர்களுக்கு இந்த மாதக் கணக்குப் பொருந்தாது. எங்கள் சபையில் உப்பளத் தொழிலாளர்கள் பலர் உண்டு. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அளத்தில் வேலை நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அந்த வீடுகளில் வரவே இராது. பனையேறும் குடும்பங்களுக்கும் பதநீர் இறங்கும் மாதங்கள்தான் கை நிறையும் காலம். இவர்களிடம் மாதம் இவ்வளவு என்று எழுதி வாங்குவது, மழைக்காலத்தில் அவர்களை ஆலயத்துக்கே வரவிடாமல் செய்யும். பாக்கி வைத்தவர் என்ற வெட்கத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து, பிறகு அங்கும் வராமல் போவார்கள். வேலை உள்ள நாளின் கூலியில் இவ்வளவு பங்கு என்று அவர்கள் தீர்மானிப்பதே சரி.

பணம் கையில் புழங்காத வீட்டுக்கும் ஒரு நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது. கைப்பிடி அரிசி என்பது அதன் பெயர். உலையில் போட அரிசியை அளந்ததும், அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து அடுப்படியில் இருக்கும் சிறு பானையில் போட்டுவிடுவார்கள். எங்கள் தெருவில் ஒரு பாட்டியின் பானைக்கு மூடியாகத் தேங்காய்ச் சிரட்டை இருக்கும். சிரட்டை ஒருபுறம் சாய்ந்து நின்றால் பானை நிறைந்துவிட்டது என்று அர்த்தம். சனிக்கிழமை மாலை அந்த அரிசி ஒரு துணிப்பையில் ஆலயத்துக்கு வரும். மிசோரத்துத் திருச்சபைகளில் இதே வழக்கம் பெரும் ஊழியங்களைத் தாங்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. இதைத் தொடங்குவோர் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அரிசியைக் கலக்குமுன் புழுங்கலையும் பச்சரிசியையும் பிரித்து, எடைபோட்டு, பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். எழுதாத அரிசி யார் வீட்டுக்குப் போனது என்ற பேச்சு எழுந்தால், அந்த ஊழியமே நின்றுவிடும்.

3. பணம் எந்த வழியில் போக வேண்டும்

காணிக்கைப் பையில் போடுவது பொதுநிதிக்குச் சேரும். பிறந்தநாள், திருமணநாள், பொருத்தனை (நேர்ந்துகொண்டது) என்று குறிப்பிட்டுக் கொடுப்பதை உறையில் வைத்து, பெயரையும் நோக்கத்தையும் தொகையையும் உறையின்மேல் எழுதுங்கள். நோக்கம் எழுதாத உறை பொதுநிதியில்தான் சேரும். பின்னர் நீங்கள் கட்டட நிதிக்கு என்று சொன்னாலும் அதைப் பொருளாளர் மாற்றி எழுத முடியாது, எழுதவும் கூடாது.

ஸ்கேன் செய்து அனுப்புகிறவர்கள், பணம் போகும் கணக்கு சபையின் பெயரில் இருக்கிறதா என்று திரையில் வரும் பெயரை வாசித்துப் பாருங்கள். கமிட்டி உறுப்பினர் ஒருவரின் சொந்தக் கைப்பேசி எண்ணுக்கு, அவர் எவ்வளவு நல்லவராயினும், அனுப்ப வேண்டாம். அவருக்கு உடல்நலம் குன்றினாலோ, கணக்கில் வேறு தகராறு வந்தாலோ, சபைப் பணம் எது, அவர் பணம் எது என்று பிரிக்க முடியாமல் போகும். உறைக்கும் வங்கி வழிக் காணிக்கைக்கும் வரிசை எண் அச்சிட்ட ரசீது கேளுங்கள். ரசீது கேட்பது அவமரியாதை என்று நினைத்துத் தயங்குவோர் உண்டு. ரசீதுதான் பொருளாளரைக் காப்பாற்றுகிறது என்பதை அந்த நாற்காலியில் இருந்தவனாகச் சொல்கிறேன்.

சட்டம் சார்ந்த மூன்று செய்திகளையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. நிலம் விற்ற பணத்திலிருந்து பெருந்தொகை கொடுப்போர் காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுக்க வேண்டும். 80ஜி என்று அறியப்பட்ட வரிவிலக்கு, குறிப்பிட்ட ஒரு மதத்தாரின் நன்மைக்கென நடக்கும் நிறுவனத்துக்குக் கொடுக்கும் பணத்துக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. ஆகவே அந்த விலக்கை எண்ணிக் காணிக்கைத் தொகையைத் தீர்மானிக்காதீர்கள். மூன்றாவது, வெளிநாட்டிலிருந்து வரும் பணம். இந்தியக் கடவுச்சீட்டோடு வளைகுடாவில் வேலை செய்யும் நம் பிள்ளை, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடாவிலோ இங்கிலாந்திலோ குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்புவது, அவர் இதே ஊரில் பிறந்து இதே ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவராயினும், வெளிநாட்டு நன்கொடையே. அதற்கான மத்திய அரசுப் பதிவு இல்லாத கணக்கில் அந்தப் பணம் வந்து சேரக் கூடாது. அப்படிக் கொடுக்க விரும்புவோர் பணம் அனுப்புமுன் திருமண்டல அலுவலகத்தைக் கேட்க வேண்டும். வந்தபின் திருப்பி அனுப்புவது அனைவருக்கும் தொல்லை.

4. நேரம்: ஒரு வேலை, ஒரு நாள், மூன்று மாதம்

முதலில் யார் கண்ணிலும் படாத ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள். சனிக்கிழமை மாலை பாய் விரிப்பது, பாட்டுப் புத்தகங்களை அடுக்குவது, ஆலய வளாகத்தின் வேப்பஞ்சருகைக் கூட்டுவது, நடக்க இயலாத முதியவர் ஒருவரைத் திருவிருந்து ஞாயிறன்று அழைத்து வந்து திரும்பக் கொண்டுவிடுவது போன்றவை அவை. இப்படித் தொடங்கச் சொல்வதற்குத் தாழ்மையைக் கற்பது மட்டும் காரணமன்று. ஒரு சபை எப்படி இயங்குகிறது, எந்தச் சாவி யாரிடம் இருக்கிறது, யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை என்பதெல்லாம் சனிக்கிழமை மாலையில்தான் தெரியும். ஞாயிறு காலையில் தெரியாது.

ஏற்றுக்கொண்ட வேலையை மூன்று மாதம் தவறாமல் செய்தபின் இரண்டாவதை நினைக்கலாம். பாடகர் குழு, ஞாயிறன்று பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்தும் ஓய்வுநாள் பள்ளி, வாலிபர் கூட்டம் ஆகிய மூன்றிலும் ஒரே வாரத்தில் சேர்ந்தவர் எவரும் ஓராண்டு நின்றதை நான் பார்த்ததில்லை. நேரத்தைக் கணக்கிடும்போது ஆயத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓய்வுநாள் பள்ளியில் ஒரு மணி நேரம் பாடம் நடத்த, வீட்டில் இரண்டு மணி நேரமாவது ஆயத்தம் வேண்டும். அதை ஒதுக்க முடியாதவர் பிள்ளைகளுக்குமுன் வெறுங்கையோடு நிற்பார்.

வர இயலாத வாரத்தில் வியாழக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வராமல் இருந்தால் கோயில்பிள்ளையும் சபை ஊழியரும் தங்கள் வேலையோடு அதையும் சுமப்பார்கள். அவர்கள் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகை நாளில் இன்னொன்றையும் கவனியுங்கள். அதிகாலை முதல் காய் நறுக்கும் பெண்களே பந்தி முடிந்து அண்டா கழுவுகிறவர்களாகவும் இருக்கிறார்கள். நேரம் கொடுக்க விரும்பும் ஆண்கள் பரிமாறுவதற்கு முந்துவதைவிட, மாலை நான்கு மணிக்கு அண்டா கழுவ நின்றால் அதுவே பெரிய உதவி.

5. திறமை: கேட்டபின் கொடுங்கள், கொடுக்கும்போது கற்றுக்கொடுங்கள்

உங்களுக்கு என்ன தெரியும் என்பதைக் குருவானவரிடமும் செயலரிடமும் ஒருமுறை சொல்லிவிட்டு, சபைக்கு இப்போது எது குறைவு என்று கேளுங்கள். நன்றாகப் பாடத் தெரிந்தவர் பத்துப் பேர் இருக்கும் சபையில், கணக்குப் பேரேடு எழுதத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாதிருக்கலாம். மின்வேலை, குழாய்வேலை, தையல், செவிலியர் பயிற்சி, அரசு அலுவலக நடைமுறை, நிலப் பத்திரம் வாசிக்கும் பழக்கம் ஆகியவை ஆண்டின் எல்லா மாதங்களிலும் சபைக்கு வேண்டியவை. இவற்றை உடையவர்களோ இவை ஊழியம் ஆகாது என்று எண்ணிச் சும்மா இருக்கிறார்கள்.

வேலையை ஏற்குமுன் மூன்றைத் தாளில் எழுதுங்கள்: என்ன செய்யப்போகிறீர்கள், எந்தத் தேதிக்குள், பொருள் செலவை யார் ஏற்பது. உழைப்பு இலவசம் என்று சொன்னால், பொருளும் இலவசம் என்று சபை எண்ணிக்கொள்ளும். இந்தத் தெளிவு இல்லாமல் ஒரு தம்பி ஆலயத்துக்கு முழுவதும் ஒயரிங் செய்தார். கம்பிக்கும் சுவிட்சுக்கும் அவர் கைப்பணம் போயிற்று. கேட்க வெட்கப்பட்டுக் கேட்காமலே இருந்தார். பிறகு ஆராதனைக்கு வருவதையும் குறைத்துக்கொண்டார். ஒரு தாள் அந்தப் பிரிவைத் தடுத்திருக்கும்.

இலவச வேலை என்பதால் தரத்தைக் குறைக்காதீர்கள். வெளியில் கூலிக்குச் செய்தால் எப்படிச் செய்வீர்களோ அப்படியே செய்யுங்கள். மக்கள் கூடும் இடத்தில் தளர்ந்த மின்கம்பி உயிருக்கே ஆபத்து.

யாத்திராகமம் 35-ஆம் அதிகாரத்தில், ஆசரிப்புக் கூடாரத்தின் வேலைக்கு அழைக்கப்பட்ட பெசலெயேலுக்குக் கைத்திறன் மட்டுமன்றிப் பிறருக்குப் போதிக்கும் வரமும் கொடுக்கப்பட்டதாக வாசிக்கிறோம். உங்கள் திறமையையும் அப்படியே கொடுங்கள்: கீபோர்டு வாசிப்பவர் ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்ளட்டும், கணக்கு எழுதுகிறவர் ஓர் இளைஞரிடம் வாரம் ஒரு பக்கத்தை எழுதக் கொடுக்கட்டும். சபைக்காக உருவாக்கும் மின்னஞ்சல், யூடியூப் பக்கம், பாடல் கோப்புகள் ஆகியவற்றின் கடவுச்சொல் சபை அலுவலகத்திலும் இருக்க வேண்டும். வேலை மாற்றலாகி ஊரை விட்டுப் போனவரோடு சபையின் யூடியூப் பக்கமும் போய்விட்டால், அடுத்து வருகிறவர் ஒன்றுமில்லாமையிலிருந்து தொடங்க வேண்டும்.

பிள்ளைகளோடு பணிசெய்ய வருவோருக்கு ஒரு விதி உண்டு. அதில் விலக்கே கூடாது. பெரியவர் ஒருவர் பிள்ளையோடு தனியே அடைத்த அறையில் இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள், கதவு திறந்தபடி. பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கட்டாயம். சபைக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும் காரியம் அன்று அது. இந்த விதியைச் சொல்லும்போது மனம் நோகிறவர், பிள்ளைகள் பணியைத் தவிர்த்து வேறு பணியை எடுத்துக்கொள்ளலாம்.

6. பொருளாகக் கொடுப்பதும் ஏலம் கேட்பதும்

பொருள் வாங்குமுன் கமிட்டியைக் கேளுங்கள். எங்கள் ஆலயத்தில் மின்விசிறிகள் தேவைக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றின் இறக்கையிலும் ஒரு குடும்பத்தின் பெயர் எழுதியிருந்தது. கழிப்பறைக் கதவோ இரண்டு ஆண்டுகள் கீல் கழன்று சாய்ந்தே கிடந்தது, ஏனெனில் கதவில் பெயர் எழுதிக் கொடுக்க யாருக்கும் மனமில்லை. பெரிய ஒலிபெருக்கித் தொகுதி, ஜெனரேட்டர், குளிர்சாதனம் போன்றவற்றைக் கொடுக்க விரும்பினால், அவற்றை ஓட்டவும் பழுதுபார்க்கவும் ஆண்டுக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டு, முதல் இரண்டு ஆண்டுகளின் பராமரிப்புத் தொகையையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லையேல் உங்கள் அன்பளிப்புச் சபைக்குச் செலவாக முடியும். போதும் என்று கமிட்டி சொன்னால் வருந்த வேண்டாம். யாத்திராகமம் 36-இல் ஜனங்கள் தேவைக்கு அதிகமாகக் கொண்டுவந்தபோது, இனிக் கொண்டுவர வேண்டாம் என்று மோசே பாளயமெங்கும் அறிவிக்கச் சொன்னார்.

காணிக்கையாக வந்த பொருள்களை விற்கும் ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் ஒரு தேங்காய் 1,000 ரூபாய்க்குப் போவதும், ஒரு சேவல் அதைவிட உயர்வதும் நமக்குப் பழகிய காட்சிகள். வீட்டைவிட்டுப் புறப்படும்போதே உங்கள் வரம்பைத் தீர்மானித்துவிடுங்கள். மைக்கில் பெயர் ஒலிக்கும்போது தீர்மானிக்க முடியாது. முடிந்தவரை அன்றே கட்டிவிடுங்கள். நான் பொறுப்பேற்றபோது ஏலப் பாக்கிப் புத்தகத்தில் எட்டு ஆண்டுப் பழைய பெயர்கள் இருந்தன. அந்த வீடுகளுக்குப் போய்க் கேட்பது எனக்கும் அவர்களுக்கும் துன்பமாக இருந்தது. சிலர் அந்தப் பாக்கிக்காகவே ஊர்ப் பண்டிகைக்கு வருவதை நிறுத்தியிருந்தார்கள்.

7. காணிக்கை எண்ணும் மேசையில் ஒரு முறை உட்காருங்கள்

ஆறு மாதம் ஆனபின், காணிக்கை எண்ணும் பணிக்கு உங்களைச் சேர்த்துக்கொள்ளும்படி கேளுங்கள். 2 இராஜாக்கள் 12-இல் பெட்டியின் பணத்தை ராஜாவின் சம்பிரதியும் (எழுத்தர்) பிரதான ஆசாரியனும் சேர்ந்தே எண்ணினார்கள். இருவர் வேண்டும், அந்த இருவரும் ஒரே வீட்டார் ஆகக் கூடாது.

ஆராதனை முடிந்ததும் பைகள் வெஸ்ட்ரி எனப்படும் ஆலயத்தின் பக்க அறை மேசைக்கு வரும். விசிறியை நிறுத்திவிட வேண்டும். பத்து ரூபாய்த் தாள் பறந்து பீரோவுக்குப் பின்னால் போய்விடும். பையை உள்வெளியாகப் புரட்டி உதறுங்கள், ஏனெனில் தையல் மடிப்பில் நாணயம் மாட்டியிருக்கும். உறைகளை முதலில் தனியே எடுத்து, ஒவ்வொன்றையும் இருவர் முன்னிலையில் பிரித்து, மேலே எழுதிய தொகையும் உள்ளே இருப்பதும் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். ஒத்துவராவிட்டால் உறையின்மேலேயே திருத்தி இருவரும் கையெழுத்திட வேண்டும். பிறகு தாள்களை மதிப்புவாரியாகவும், நாணயங்களைப் பத்துப் பத்தாகவும் அடுக்கி, ஒருவர் எண்ணியதை மற்றவர் மறுபடி எண்ணி, மதிப்புவாரியாகப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுங்கள். மொத்தத்தை மட்டும் எழுதினால், பின்னர் 100 ரூபாய் குறையும்போது எங்கே குறைந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை. அந்தப் பணத்திலிருந்து எந்தச் செலவுக்கும் நேரடியாகக் கொடுக்காதீர்கள். பூக்காரருக்கு 50 ரூபாயானாலும் முழுத் தொகையும் முதலில் வரவாக எழுதப்பட்டு, பிறகு வவுச்சர் மூலம் செலவாக வேண்டும். திங்கட்கிழமை வங்கியில் கட்டிய சீட்டு அதே பக்கத்தில் ஒட்டப்பட வேண்டும்.

யார் எவ்வளவு கொடுத்தார் என்பது அந்த மேசையில் உங்களுக்குத் தெரிந்துவிடும். அதை மனைவியிடமும் கணவனிடமும் சொல்லக் கூடாது.

8. மனக்கசப்பு வரும்போது

வரும். திருமண்டலத் தேர்தல் காலத்தில் அணிகள் பிரியும். ஒரு செலவு உங்களுக்குத் தவறாகத் தோன்றும். அப்போது பலரும் முதலில் செய்வது காணிக்கையை நிறுத்துவது. அதனால் முதலில் பாதிக்கப்படுகிறவர் கோயில்பிள்ளை. அவருடைய ஊதியம்தான் எப்போதும் முதலில் தள்ளிப்போடப்படுகிறது. உங்கள் கேள்வியைத் தேதியோடும் தொகையோடும் எழுதி, செயலரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பதில் வராவிட்டால் சபைக் கூட்டத்தில் அதே தாளை வாசியுங்கள். அதுவரை பொதுக் காணிக்கையைத் தொடருங்கள். ஐயத்துக்கு இடமான நிதிக்கு மட்டும் கொடுப்பதை நிறுத்தி வைக்கலாம்.

9. ஆண்டு முடிவில் ஒப்படைப்பது

ஓராண்டு ஆனதும் உங்கள் வேலையை இன்னொருவரிடம் கொடுக்க ஆயத்தமாகுங்கள், தொடர்ந்து செய்யப்போகிறவராயினும். ஒரு நோட்டில் வேலையின் படிகள், பொருள்கள் வாங்கும் கடை, பழுதுபார்ப்பவரின் தொடர்பு, எந்த மாதத்தில் எது செய்ய வேண்டும் ஆகியவற்றை எழுதி வையுங்கள். புதியவர் நான்கு வாரம் உங்களோடு நிற்கட்டும். அடுத்த நான்கு வாரம் அவர் செய்ய, நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

நான் பொறுப்பை விட்ட அன்று, பேரேடு, பயன்படுத்தாத ரசீதுப் புத்தகங்களின் எண்கள், காசோலைப் புத்தகம், பீரோச் சாவி இரண்டு, கையிருப்பு ரொக்கம் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, குருவானவர் முன்னிலையில் புதிய பொருளாளரும் நானும் கையெழுத்திட்டோம். மூன்று படிகள் எடுத்து, ஒன்றை அவரும் ஒன்றை நானும் வைத்துக்கொண்டு, மூன்றாவதைச் சபைக் கோப்பில் சேர்த்தோம்.